சிவப்பு அம்பு ஒட்டும் வீடு

சட்டைக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களெல்லாம் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவள் செக்கரம்மா. இருபத்தாறு வருஷமாக ஒரே மேஜை, ஒரே டியூப்லைட். தையல் லைனிலிருந்து சட்டை வந்து மேஜையில் விழும். காலரைப் பிடித்து ஒரு உதறு, தோளில் ஒரு தடவு, கையைத் திருப்பிக் கஃப், பட்டன் பட்டியில் மேலிருந்து கீழே ஒரு விரலோட்டம், கடைசியில் உள்பக்கம். மொத்தம் நாற்பது வினாடி. தையல் விட்டிருந்தாலோ நூல் பிசிறியிருந்தாலோ எண்ணெய்ச் சொட்டு இருந்தாலோ, அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஆல்டர் கூடையில் போடுவாள். ஆல்டர் என்றால் திரும்பிப் போய்ச் சரியாகி வரவேண்டிய சரக்கு. குறை ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் ஒட்டாமல் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். நல்ல சட்டைக்கென்று அங்கே அடையாளம் எதுவும் கிடையாது.

இந்த வேலையில் பத்து வருஷம் இருந்தால் கண் கெட்டுப்போகும் என்பார்கள். செக்கரம்மாவுக்குக் கண் கெடவில்லை, குணம்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். கடைக்காரர் இரண்டு தடவை “வாங்கம்மா” என்றால் பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் நலம் விசாரித்தால் ஏணி இரவல் கேட்க வருகிறாள். இதில் கொடுமை என்னவென்றால், பாதி நேரம் அவள் நினைத்தது சரியாகவே இருந்து தொலைக்கும். ஏணி இரவல் போய்த் திரும்பி வந்ததும் உண்டு, ஒரு படி குறைவாக.

அம்பு ஸ்டிக்கர் கம்பெனியோடு நிற்கவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். சொட்டும் குழாயில் ஒரு அம்பு. ஆடும் நாற்காலிக் காலில் ஒன்று. ஜன்னல் கொக்கியில் ஒன்று. அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பி, அம்பு இருக்கும் இடமெல்லாம் தேடிப்போய்ச் சரிபண்ணுவார். சரியானதும் அம்பை உரித்து டூல்ஸ் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்வார். மூடி முழுக்கச் சிவந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, அம்பே பேசிவிடும்.

“உங்க வீட்டுக்காரர் மேல ஒண்ணு ஒட்டலையா?” என்று டைப்பிஸ்ட் ஒருநாள் கேட்டாள்.

“ஒட்டிப் பார்த்துட்டேன். சரிபண்ணத்தான் ஆள் கிடைக்கல” என்றாள் செக்கரம்மா.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், வீட்டில் பாப்பா. அந்தக் கல்லூரிக்கும் கடல் தாண்டியிருந்த ஒரு கல்லூரிக்கும் ஒரு ஒப்பந்தம். அங்கிருந்து வரும் மாணவியைப் பத்து மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் அங்கே போய்ப் படிக்க இடம். ஆனால் பத்து மாதமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் மாணவி வேறு வீட்டுக்கு மாறினால் இடம் போச்சு. பாப்பா அந்த இடத்துக்காக இரண்டு வருஷமாகத் தவம் கிடந்தாள். உலக வரைபடத்தைப் புத்தக அட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

“அம்மா, உன் கால்ல விழறேன். அந்தப் பொண்ணு வந்தா கொஞ்சம் சிரிச்ச முகமா இரு” என்றாள்.

“நான் என்ன அழுமூஞ்சியா?”

“அழுமூஞ்சியா இருந்தாக்கூடப் பரவாயில்லை. நீ பார்க்கிற பார்வை இருக்கே, அதுக்குத்தான் பயமா இருக்கு.”

வந்தாள் அந்தப் பெண். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். கூடவே ஆள் ஒளியக்கூடிய ஒரு பெட்டி, அதில் ஒரு சக்கரம் நொண்டி. இந்த ஊர்ப் பேச்சை அவள் புத்தகத்தில் படித்து வந்திருந்தாள். “வணக்கம். தங்கள் இல்லத்தில் தங்க அனுமதித்தமைக்கு மிக்க நன்றி” என்று வாசலில் நின்று ஒப்பித்தபோது மெக்கானிக் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றார். “நியூஸ் வாசிக்கிறாடி” என்று உள்ளே வந்து மெல்லச் சொன்னார்.

தண்ணீர் கொடுத்தால் நன்றி. வழிவிட்டால் நன்றி. துண்டு காட்டினால் நன்றி. கதவு இருக்கும் திசையைக் காட்டியதற்கும் ஒரு நன்றி. இரண்டாம் நாளே வீட்டில் அவளுக்கு ‘நன்றி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. செக்கரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அதிவிநயம் தூர்த்த லட்சணம் என்று சும்மாவா சொன்னார்கள்?

“இவ்வளவு நன்றி சொல்றவ எதையோ மறைக்கிறா” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

“என்னத்த மறைக்கப் போறா? பொட்டியத்தான் மறைக்க முடியாது, கட்டிலவிடப் பெரிசு.”

பெட்டியும் மறைந்தது. நடந்தது இதுதான். நொண்டிச் சக்கரத்தைக் கண்ட கை சும்மா இருக்குமா? பெண் குளிக்கப் போயிருந்தபோது செக்கரம்மா அந்தச் சக்கரத்துக்கு நேரே ஒரு அம்பை ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்டி கட்டிலுக்கு அடியில் கடைசிவரை தள்ளப்பட்டு, அம்பு இருந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தது. பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. அம்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சுவிடுவதை யாராவது விருந்தாளிக்கு விளக்குவார்களா? அந்த வீட்டில் அம்பும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் பெட்டியை இழுத்து முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டி, சுண்டிவிட்டுக் காட்டினார். அது சிணுங்காமல் சுற்றியது. அம்பை உரித்து டூல்ஸ் பெட்டியில் ஒட்டினார். அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பெண், மூச்சை விட்டு, பதினொரு தடவை நன்றி சொன்னாள். எண்ணியது யார் என்று சொல்லத் தேவையில்லை. ‘சக்கரம் சரியானதுக்கா இவ்வளவு நிம்மதி? பெட்டியைத் திறக்கலைன்னுல்ல நிம்மதி’ என்று செக்கரம்மா மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

மாதம் முடிந்ததும் கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது. ‘மாணவியைப் பற்றி உங்கள் கருத்து’ என்று ஒரு தலைப்பு, கீழே கட்டம். வீட்டுப் பெரியவர்தான் எழுத வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது, உறையில் ஒட்டி அனுப்ப வேண்டும். செக்கரம்மா மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள்.

ஒன்று, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிகிறது. இரண்டு, கதவை டமாரென்று சாத்துகிறாள். மூன்று, தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம். நான்கு, குளிக்க இருபத்தைந்து நிமிஷம்.

எழுதிப் படித்துப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள். ஒரு மாதத்துக்கு நான்கே நான்கு. பெரிய தையல் எதுவும் விடவில்லை, எல்லாம் பிசிறு. பரவாயில்லையே இந்தப் பெண் என்று திருப்தியாகக் கையெழுத்துப் போட்டு உறையை நக்கி ஒட்டினாள்.

இரண்டாம் மாதம்தான் விஷயம் விபரீதமானது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் பெண்ணின் அறை இருட்டாக இருக்கும். வெளியே போயிருக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், இருட்டுக்குள் கட்டிலில் ஆள் உட்கார்ந்திருக்கும். “நன்றி” என்று குரல் வரும். விளக்குப் போடாமல் உட்கார்ந்து என்ன செய்கிறாள்? கதவு வேறு இப்போதெல்லாம் சாத்துவதே இல்லை, இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக யாரைப் பார்க்கிறாள்? தட்டு பளிச்சென்று காலியாகிறது. ஆனால் பெண்ணின் மணிக்கட்டு எலும்பு முன்பைவிட வெளியே தெரிகிறது. காலையில் கிளம்பும்போது கையில் ஒரு காகிதப் பை, போகும்போது உப்பலாக, வரும்போது தட்டையாக. குளியல் நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. குளிக்கிறாளா, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறாளா?

“செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் லேட்டா வரா. கேட்டா லைப்ரரின்னு சொல்றா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் லைப்ரரி லீவுன்னு நீதானே சொன்ன?” என்று மகளைக் குடைந்தாள்.

“அம்மா, எங்கயாவது போகட்டும்மா. அவளுக்கு இருபது வயசு.”

“எங்கயாவது போகட்டும்னா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு? உன் இடம்தான் போகும்.”

அது என்னவோ உண்மை. செக்கரம்மா சந்தேகப்படுவதற்காகச் சந்தேகப்படவில்லை, இதை அவளுக்காக நாமே சொல்லிவிட வேண்டும். மகள் அந்த நாட்டுக்குப் போவதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறையும். தான் தொட்ட சட்டைகள் எத்தனையோ தேசத்துக்குப் போயிருக்கின்றன, தான் இந்த டியூப்லைட்டைத் தாண்டவில்லை. மகளாவது தாண்டட்டும். அதற்குக் குறுக்கே இந்த ஒட்டடைக் குச்சி வந்து ஏதாவது ஏடாகூடம் பண்ணிவிடுவாளோ என்றுதான் பயம்.

இதற்கிடையில் பச்சை நோட்டு. தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெண் அதில் எழுதுவாள். ஒரு வரி எழுதுவாள், தலையைத் தூக்கிக் குழாயைப் பார்ப்பாள். ஒரு வரி எழுதுவாள், நாற்காலியைக் குனிந்து பார்ப்பாள். செக்கரம்மா கிட்டே வந்தால் கை தானாக மேலே கவிழும்.

“என்னம்மா எழுதற?”

“வீட்டைப் பற்றி எழுதுகிறேன், அம்மா. நன்றி.”

வீட்டைப் பற்றி! இருபத்தாறு வருஷம் ஊரான் தையலில் குறை கண்டுபிடித்தவளுக்கு, தன் வீட்டை ஒருத்தி செக் பண்ணி எழுதுகிறாள் என்றதும் உடம்பெல்லாம் எரிந்தது. கல்லூரியில் மாதாமாதம் இந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேடம் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறாளாம். இவள் எதைக் காட்டிப் பேசுவாள்? இந்த நோட்டைத்தானே?

அடுத்து, ஸ்டிக்கர் அட்டை. கைப்பையிலிருந்த புது அட்டையில் மூன்று அம்பு குறைந்தது. செக்கரம்மா அதை இரண்டு தடவை எண்ணினாள். வீட்டில் புதிதாக ஒட்டியது ஒன்று, கம்பெனியில் ஒட்டுவது கம்பெனி அட்டையிலிருந்து. கணக்கில் மூன்று உதைத்தது. மகளைக் கேட்டாள், வீட்டுக்காரரைக் கேட்டாள். மூன்றாவது ஆளைக் கேட்கவில்லை.

இரண்டாம் மாத அறிக்கையில் ஏழு குறை. மூன்றாம் மாதத்தில் பதினொன்று. கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

நான்காம் மாதத்தில் ஒரு புதன்கிழமை மகள் கல்லூரியிலிருந்து அழுது வீங்கிய கண்ணோடு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றாள்.

“நன்றிய வேற வீட்டுக்கு மாத்தறாங்களாம். வெள்ளிக்கிழமை உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. என் இடம் போச்சு. அவ்வளவுதான்.”

“ஏனாம்?”

“யாருக்குத் தெரியும்? கேட்டா, உங்க அம்மாவுக்குத் தெரியும்னு சொல்றாங்க.”

செக்கரம்மாவுக்குத் தெரியும்தான். அந்தப் பச்சை நோட்டு! உப்பிட்ட வீட்டுக்கு உலை வைத்துவிட்டாளே பாவி! பெண் குளியலறையில் இருந்தாள். நான்கு நிமிஷம். செக்கரம்மா அடுத்தவர் பொருளைத் தொட்டு அறியாதவள், சந்தேகம் எவ்வளவு இருந்தாலும் கை சுத்தம். அன்றைக்கு அந்தக் கை தானாக அறைக்குள் போய் நோட்டை எடுத்தது. சட்டையைத் திருப்புவது போல் முன்பக்கம், பின்பக்கம் பார்த்தாள். பின்னட்டையின் உள்ளே இரண்டு சிவப்பு அம்பு. ஒரு பக்கத்தில் இன்னொன்று. அவளுடைய அம்பு! சுற்றிலும் புரியாத எழுத்து. நடுநடுவே பென்சில் படம்: குழாய், நாற்காலி, ஜன்னல் கொக்கி. வரிசையாக, நம்பர் போட்டு.

தண்ணீர் நின்ற சத்தம் கேட்டது. எடுத்த கோணத்திலேயே நோட்டை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். திருட்டைப் பிடித்த கோபமா, திருட்டுத்தனம் செய்த வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் அரைநாள் லீவு சொன்னாள். லீவே கேட்காத ஆளாயிற்றே என்று சூப்பர்வைசர் காலண்டரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். மெக்கானிக் டிப்போ யூனிபார்மோடு நேராக வந்திருந்தார், விரல் இடுக்கில் கிரீஸ். கல்லூரி அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ, ஃபைல் அடுக்கிய மேஜை, அதன் பின்னால் பொறுப்பு மேடம். பெண் ஒரு ஓரமாக மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா உட்காரவில்லை, கதவில் சாய்ந்து நின்றாள்.

“உங்க சங்கடம் எனக்குப் புரியுதும்மா” என்று மேடம் ஆரம்பித்தார். “பிடிக்காத ஒரு ஆளை நாலு மாசம் வீட்ல வச்சுக்கறது கஷ்டம்தான். திங்கட்கிழமை வேற ஏற்பாடு பண்ணிடறேன்.”

“பிடிக்கலைன்னு யார் சொன்னது? இவ சொன்னாளா?” செக்கரம்மா பெண்ணின் பக்கம் திரும்பினாள். “சாப்பாடு போட்ட வீட்டையே போட்டுக் குடுத்துட்டல்ல?”

பெண் வாயைத் திறந்தாள். நன்றி என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் எல்லோருக்கும் பயம் வந்தது. அவள் மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

“அவ உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லை” என்றார் மேடம். ஃபைலைத் திறந்து மூன்று தாளை எடுத்து மேஜையில் பரப்பினார். “சொன்னது நீங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு மோசமான அறிக்கை நான் பார்த்ததே இல்லை. நாலு, அப்புறம் ஏழு, அப்புறம் பதினொண்ணு.”

செக்கரம்மா தன் கையெழுத்தைப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

“மோசமா? இது எங்க மேடம் மோசம்? ஒரு ஆளை மாசம் பூராப் பார்த்து நாலே நாலு பிசிறுன்னா, அது எக்ஸ்போர்ட் சரக்கு மேடம்! எங்க லைன்ல வாரத்துக்கு ஒண்ணு அப்படிக் கிடைக்காது.”

“அப்ப நல்லது எங்க எழுதியிருக்கீங்க?”

“நல்லதை எதுக்கு எழுதணும்? எழுதாம விட்டதெல்லாம் நல்லதுதான்.”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நெற்றியைத் தேய்த்தார், கிரீஸ் நெற்றியில் இழுபட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அம்மா, நீங்க எழுதினதை மாசாமாசம் இவளுக்குப் படிச்சுக் காட்டுவேன். திருத்திக்கட்டும்னு. வீட்ல போய் இதைப் பத்தி வாதாடக் கூடாதுன்னும் சொல்லியிருந்தேன்.”

செக்கரம்மாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று இடம் நகர்ந்தது. ஆனாலும் விடவில்லை. பிடித்த பிடியை விட்டுப் பழக்கமில்லை.

“சரி, நான் எழுதினது இருக்கட்டும். அந்தப் பச்சை நோட்டுல என்ன இருக்குன்னு கேளுங்க. என் ஸ்டிக்கர் எப்படி அதுக்குள்ள போச்சுன்னு கேளுங்க.”

சொன்ன பிறகுதான், நோட்டைத் திறந்து பார்த்ததைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டது அவளுக்கு உறைத்தது. பாப்பா அம்மாவை வெறித்துப் பார்த்தாள். பெண் பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். நியூஸ் வாசிக்கும் குரலில்தான் ஆரம்பித்தாள், போகப் போக அந்தக் குரல் கரைந்தது.

“இது குழாய். அம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐயா சரிசெய்தார். அம்பு பெட்டி மூடிக்குப் போனது. இது நாற்காலி. அதே மாதிரி. முதலில் என் பெட்டியில் அம்பைப் பார்த்தபோது, என்னை வெளியே அனுப்புவதற்கு அடையாளம் என்று நினைத்துப் பயந்தேன். பிறகு புரிந்தது. இந்த வீட்டில் அம்பு ஒட்டினால் தூக்கி எறிய மாட்டார்கள். சரி பண்ணுவாங்க.” பக்கத்தைத் திருப்பினாள். “இது என் பக்கம். மேடம் வாசித்ததை எழுதி வைத்தேன். விளக்கு. அதனால் விளக்குப் போடுவதே இல்லை. கதவு. சத்தம் வரும் என்று சாத்துவதே இல்லை. இந்த இரண்டு அம்பும் பின்னட்டைக்குப் போய்விட்டது.”

“சாப்பாடு?” என்று செக்கரம்மாவின் வாய் தானாகக் கேட்டது.

“நீங்க நிறைய வைப்பீங்க. முடியல. மிச்சம் வச்சா எழுதுவீங்க. பையில போட்டுக் கல்லூரி நாய்க்குக் குடுத்தேன்.” நாய்க்கு என்றபோது அவள் செக்கரம்மாவைப் பார்க்கவில்லை. “ஸ்டிக்கர் கேக்காம எடுத்தேன். அது தப்பு.”

“மூணாவது அம்பு?”

“செவ்வாய்க்கிழமை.” அந்தப் பக்கத்தில் அம்பு இன்னும் அப்படியே இருந்தது. “எங்க அம்மாவுக்கு அன்னைக்குத்தான் வேலை சீக்கிரம் முடியும். மைதானத்துக்குப் பின்னாடி உக்காந்து போன்ல பேசுவேன். பேசினா அழுகை வரும். வீட்ல அழுதா அதையும் எழுதுவீங்கன்னு பயம். இதை மட்டும் சரிபண்ண முடியல.”

செக்கரம்மா தன் வாழ்நாளில் நாற்பது லட்சம் சட்டையாவது திருப்பியிருப்பாள். உள்பக்கம் பார்க்காமல் ஒன்றையும் விட்டதில்லை என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்த நாற்காலியில் அது உட்காரவிடாமல் குத்தியது. இருட்டில் உட்கார்ந்திருந்த பெண், ஒருக்களித்த கதவு, எலும்பு தெரிந்த மணிக்கட்டு, எல்லாம் தான் எழுதியதுதான். சரிபண்ணிக்கொண்டு வந்ததையெல்லாம் மறுபடியும் மறுபடியும் ஆல்டர் கூடையில் போட்டிருக்கிறாள்.

“நான் இந்த வீட்லயே இருக்கேன் மேடம்” என்றாள் பெண், நியூஸ் வாசிக்காமல்.

மேடம் யோசித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் செக்கரம்மாவின் முன்னால் தள்ளினார். “அவ சொன்னது மட்டும் போதாது. மேல இருக்கிறவங்க இந்த மூணு தாளைத்தான் பார்ப்பாங்க. நாலாவதா நல்லதை எழுதிக் குடுங்க. இப்பவே, இங்கயே. குறை இல்லைன்னு எழுதினா செல்லாது.”

செக்கரம்மா பேனாவைத் திறந்தாள். நாற்பது வினாடி போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, அந்தப் பக்கம் கை போய்ப் பழக்கமில்லை. மெக்கானிக் ஏதோ எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க, நான்தானே பார்த்தேன்” என்று அடக்கினாள். பிறகு எழுதினாள்.

ஒன்று, காலையில் நான் கிளம்பும் முன் என் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள். யார் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இரண்டு, துண்டை நான்கு மூலையும் சேர மடிக்கிறாள், எங்கள் பேக்கிங் செக்ஷனில் கூட அப்படி மடிப்பதில்லை. மூன்று, என் வீட்டுக்காரர் டிப்போ கதையை நான்காம் தடவை சொன்னபோதும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்தாள். நான்கு, எனக்குத் தோள்பட்டை வலிக்கும் நாளில் கேட்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடுகிறாள். வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி ஒன்பது எழுதினாள். இத்தனையும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பட்டதையெல்லாம் ஒன்றும் ஒட்டாமல் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாள். மேடம் தாளைப் படித்து, “இதை முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதாம்மா?” என்றார். பெண்ணை மாற்றும் ஏற்பாட்டை அடித்துவிட்டு மகளிடம், “உன் இடம் இருக்கு, போ” என்றார். தாளைப் பெண்ணிடமும் கொடுத்தார். அவள் படித்தாள். அதிசயமாக, நன்றி சொல்லவில்லை. எழுந்து வந்து செக்கரம்மாவின் தோளில், வலிக்கும் பக்கத்தில், முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமையில், எல்லோர் முன்னாலும்.

பாப்பாவும் அந்தத் தாளைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். நினைத்த இடம் கிடைத்தவள் குதிக்க வேண்டாமா? பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, இடம் கிடைச்சும் உம்முன்னு வர?”

“ஒண்ணுமில்ல. நாலு மாசத்துல ஒன்பது. நல்லா எழுதியிருந்தே.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். “நான் இருபது வருஷமா உங்க வீட்ல இருக்கேன்.”

“உன் மேல ஒட்டறதுக்கு என்னடி இருக்கு? ஒண்ணும் ஒட்டலைன்னா…”

“ஒட்டலைன்னா நல்லதுன்னு எனக்கு யார் சொன்னா? நான் என்னவோ நீ என்னப் பார்க்கவே இல்லைன்னு நினைச்சேன்.”

செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

சனிக்கிழமை பூரா அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் முற்றத்தில் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விருந்துப் பெண் பக்கத்தில் நின்று டூல்ஸ் எடுத்துக்கொடுத்தாள். அவளுடைய அறைக்கதவு சாத்தியிருந்தது, சாத்தும்போது டமாரென்று சத்தம் வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்தாள். செக்கரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்றாள்.

“பாப்பா.”

“ம்?”

“நீ நல்ல பொண்ணுடி.”

சீப்பு பாதியில் நின்றது. பாப்பா திரும்பினாள். அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தாள். நெற்றி, கண், தோள், கை என்று ஒவ்வொன்றாக, நாற்பது வினாடி. அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று செக்கரம்மாவுக்குத் தெரியாதா?

“என்னம்மா ஆச்சு? டாக்டர்கிட்டப் போனியா? அன்னைக்கு லீவு போட்டது காலேஜுக்கு மட்டும்தானா? என்ன சொன்னாங்க?”

“ஐயோ, ஒண்ணுமில்லடி. சும்மாதான் சொன்னேன்.”

“நீ சும்மா சொல்ற ஆளா? எதை மறைக்கிற?”

செக்கரம்மா சத்தியம் செய்தாள். சிரித்துக் கூடக் காட்டினாள், அது இன்னும் கெடுத்தது. மகள் நம்பவில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சீப்பை வைத்தாள்.

மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, பாப்பா கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் அம்மாவின் கைப்பை. மருந்துச் சீட்டோ ரிப்போர்ட்டோ இருக்கிறதா என்று பையின் ஒவ்வொரு அறையாகத் திறந்து, விரலை விட்டுத் தடவி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கரம்மா கூப்பிடவில்லை. வாசற்படியிலேயே நின்று, மகள் தேடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் ஒரு கைக்குட்டையும் பஸ் பாஸும் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் அட்டையும்தான் இருந்தன.